அக்கரைக்குப் போகுமுன்

(வளர்கல்வி மையத்தின் மாலை வகுப்பில் தொண்டர் ஒருவர் பேசியது)



போன வாரம் இங்கே ஒரு கேள்வி வந்தது. "வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகலாமா, கூடாதா?" என்று ஓர் அண்ணன் கேட்டார். போகாதே என்று சொல்ல நான் யார்? இங்கே வேலை இருந்தால் யார் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள்? போகிறவர்கள் போகத்தான் செய்வார்கள். துபாய், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் என்று நம் நாட்டிலிருந்து லட்சக்கணக்கான பேர் போயிருக்கிறார்கள். ஆனால் சினிமாவில் காட்டுகிற துபாய் வேறு. கொத்தனாரும் சித்தாளும் பார்க்கிற துபாய் வேறு. அந்த இரண்டாவது துபாயைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பலகையைப் பாருங்கள்.

ஒருவர் ஏஜெண்டுக்குக் கொடுக்க ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. முதல் மாத வட்டி எவ்வளவு? சரியாகச் சொன்னீர்கள், 4,500 ரூபாய். அங்கே அவருக்குச் சம்பளம் நம் காசுக்கு 22,000 ரூபாய் என்று வையுங்கள். சாப்பாட்டுக்கும் போனுக்கும் 7,000 போகிறது. வீட்டுக்கு 8,000 அனுப்புகிறார். மீதி 7,000. அதை அப்படியே கடனுக்குக் கட்டுகிறார். முதல் மாதம் அதில் 4,500 வட்டிக்கே போய்விட்டது. அசலில் குறைந்தது 2,500தான். இப்படியே ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினாலும் கடன் தீர 35 மாதம் ஆகிறது. விசாவோ பல பேருக்கு 24 மாதம்தான்!

இப்போது இன்னொன்று கேளுங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக் கூடிய கட்டணத்துக்கு அரசு ஓர் எல்லை வைத்திருக்கிறது. 30,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி. ஆக 35,400 ரூபாய். அதற்கு ரசீதும் தர வேண்டும். ஒன்றரை லட்சம் கேட்கிறவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

நம்மில் பலர் பத்தாம் வகுப்பு தேறாதவர்கள். அப்படிப்பட்டவர்களின் பாஸ்போர்ட்டில் "இ.சி.ஆர்." என்று இருக்கும். குடியேற்ற அனுமதி தேவை என்று அர்த்தம். 1983-ஆம் ஆண்டு வந்த குடியேற்றச் சட்டம் இதைச் சொல்கிறது. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் சேர்த்து 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்த அனுமதி வேண்டும். சிலர் இதை ஓர் அவமானமாக நினைக்கிறார்கள். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. அனுமதி தருமுன் வேலை ஒப்பந்தத்தை அரசு அதிகாரி பார்க்கிறார். இன்ஷூரன்சும் எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். ஏஜெண்டு என்ன சொல்வார்? "இதெல்லாம் தலைவலி. விசிட் விசாவில் போய்விடு. அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பார். விசிட் விசா என்றால் சுற்றிப் பார்க்கத் தருவது. அதில் போனவருக்கு இந்த ஒப்பந்தமும் கிடையாது, இன்ஷூரன்சும் கிடையாது. பிடிபட்டால் அபராதம், சிறை, அல்லது அடுத்த விமானம்.

சரி, போய் இறங்கியாகிவிட்டது. பிறகு?

பல கம்பெனிகளில் ஆட்களைக் கேம்ப்பில் தங்க வைக்கிறார்கள். ஓர் அறையில் அடுக்குக் கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் பீகார்க்காரர், எதிரே கேரளத்துக்காரர், மேலே நேபாளத்துக்காரர் இருப்பார். விடியுமுன் எழுந்து வரிசையில் நின்று குளித்து, சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். அங்கே நம் ஊர்ச் சித்தாளுக்கு அரபியைவிட இந்திதான் முதலில் கை கொடுக்கிறது. மேஸ்திரி பாகிஸ்தான்காரராக இருந்தாலும் இந்தியில் சமாளிக்கலாம். போகுமுன் பத்து இருபது இந்தி வார்த்தையாவது கற்றுக்கொள்ளுங்கள்.

வெயிலைச் சொல்லவே வேண்டாம். கோடையில் மதிய நேரம் திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டங்களே சொல்கின்றன. துபாய் இருக்கும் ஐக்கிய அரபு நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை ஓய்வு. கத்தாரில் 2021 முதல் காலை 10 மணியிலிருந்து மாலை மூன்றரை வரை. இது தெரியாமல் வெயிலில் நின்று மயங்கி விழுந்தவர்கள் உண்டு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். தலை சுற்றினால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிட வேண்டும்.

இனி நான் முக்கியமாக நினைக்கிற விஷயம். நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பெரியவர் ஏதாவது சொன்னால், புரிந்தாலும் புரியாவிட்டாலும், "சரிங்க, சரிங்க" என்று தலையை ஆட்டுவோம். அது நம் ஊரில் மரியாதை. அங்கே அதுவே ஆபத்து. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் சவூதியில் சாரம் கட்டும் வேலை பார்த்தார். எகிப்து நாட்டு ஃபோர்மேன் ஒருநாள் ஒரு குழாயைக் காட்டி ஏதோ சொன்னார். இவருக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார். "அதைக் கழற்றாதே" என்று ஃபோர்மேன் சொல்லியிருக்கிறார். இவர் "கழற்று" என்று எடுத்துக்கொண்டார். கீழே நின்றவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. "புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் இரண்டு திட்டு வாங்கியிருப்பார், அவ்வளவுதான். அந்த அண்ணனே இதை எல்லோரிடமும் சொல்லச் சொன்னார்.

புரியவில்லை என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். கையைக் காட்டிக் கேளுங்கள். தலையைப் பக்கவாட்டில் ஆட்டாதீர்கள். நாம் "ஆமாம்" என்று ஆட்டுவது அவர்களுக்கு "இல்லை" என்று தெரியலாம்.

எண்களிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. இப்போதுதான் கஷ்டப்பட்டு எண் படித்தோம். அரபு எண் வேறு மாதிரி. அவர்கள் ஐந்தை வட்டமாகப் போடுவார்கள். பார்த்தால் நம் பூஜ்யம் போலவே இருக்கும். அவர்களுடைய பூஜ்யமோ வெறும் ஒரு புள்ளி. அவர்கள் ஆறு நம் ஏழு போல இருக்கும். பலகையில் பத்து எண்ணும் எழுதியிருக்கிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சம்பளத் தாளில் கையெழுத்துப் போடுமுன் உதவும்.

கையெழுத்து என்றதும் ஒன்று. ஊரில் காட்டுவது ஓர் ஒப்பந்தம், அங்கே போனதும் நீட்டுவது இன்னொன்று. இந்த ஏமாற்று நீண்ட நாளாக நடக்கிறது. அதனால் ஊரில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகல் ஒன்று உங்கள் பையிலும் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். பாஸ்போர்ட் நகலும் அப்படியே. முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது சவூதியிலும் கத்தாரிலும் ஐக்கிய அரபு நாட்டிலும் சட்டப்படி தப்பு. ஒப்பந்தத்தில் "அடிப்படைச் சம்பளம்" என்று ஒரு வரி இருக்கும். மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். ஓவர்டைமும், வேலை முடிந்து கிளம்பும்போது தருகிற சர்வீஸ் பணமும் பெரும்பாலும் இந்த அடிப்படையை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

இன்னொரு சின்னப் பொருள் பெரிய ஆபத்து. கசகசா! நாம் குருமாவுக்கு அரைக்கிறோமே, அதேதான். ஐக்கிய அரபு நாட்டிலும் சவூதியிலும் அதைக் கொண்டுபோகக் கூடாது. போதைச் செடியின் விதை என்று பிடித்துவிடுவார்கள். அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்த மசாலாப் பொடியால் மகன் ஜெயிலில் உட்கார வேண்டாம். சில இருமல் மருந்துக்கும் வலி மாத்திரைக்கும் அங்கே தடை உண்டு. மருந்து கொண்டுபோனால் டாக்டர் சீட்டும் கூடவே போகட்டும். ஏஜெண்டோ பக்கத்து வீட்டுக்காரரோ "என் தம்பிக்கு இதைக் கொடுத்துவிடு" என்று பொட்டலம் கொடுத்தால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ரம்ஜான் மாதம் நோன்பு நேரத்தில் குவைத்தில் வெளியிடத்தில் தண்ணீர் குடித்தால்கூடத் தண்டனை உண்டு. வழிப்போக்குப் பெண்களைப் போட்டோ எடுப்பதும் அப்படியே.

வீட்டு வேலைக்குப் போகிற அக்காமார்களுக்கு இதைவிடக் கஷ்டம் அதிகம். அவர்களுக்குக் கேம்ப் கிடையாது. கூடப் பேச ஆள் கிடையாது. நான்கு சுவருக்குள் நடப்பது வெளியே தெரியாது. அதனால்தான் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் இந்த 18 நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்று நம் அரசு விதி வைத்தது. குவைத்தில் 2015-இல் வந்த சட்டப்படி, வீட்டு வேலை செய்பவருக்கு ஒரு நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை தரக் கூடாது. வாரம் ஒருநாள் விடுமுறை. சட்டம் இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது. நம் தூதரகத்தின் போன் எண்ணைத் தாளில் மட்டும் எழுதிக்கொண்டால் போதாது. மனப்பாடமாகவும் தெரிய வேண்டும். தாளையும் போனையும் பிடுங்கிவிடலாம்.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. போனவர் போனில் "நான் நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார். மூன்று மாதம் சம்பளம் வராதபோதும் அதையேதான் சொல்வார். இங்கிருந்து நாம் என்ன கேட்கிறோம்? "தங்கச்சி கல்யாணத்துக்குச் செயின் எப்போ வரும்?" என்று கேட்கிறோம். சாப்பிட்டாயா, தூங்கினாயா, சம்பளம் பேங்கில் விழுந்ததா என்று கேளுங்கள். சவூதியிலும் ஓமனிலும் வேறு வேறு நேரம். ஓமன், துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார் இரண்டரை மணி நேரம் பின்னால். அவர் பஸ்ஸில் தூங்குகிற நேரம் பார்த்து எழுப்பாதீர்கள்.

அக்கா, அவர் அனுப்புகிற பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் வரட்டும். பாஸ்புக்கை நீங்களே படிக்கலாம். இப்போதுதான் படிக்கத் தெரியுமே!

மாதிரி ஒப்பந்தத் தாள் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் சம்பளம் எந்த வரியில் இருக்கிறது? பெரியம்மா, நீங்கள் வாசியுங்கள். எழுத்துக் கூட்டியே வாசிக்கலாம், அவசரமில்லை.