பின்கதவில் தெரியும் கைத்திறன்



காருக்குப் பின்னால் குட்டி வண்டியொன்றைக் கோத்துக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் அமெரிக்காவில் பழையது. அதில் ‘டியர்டிராப்’ என்பது ஒரு ரகம். பக்கவாட்டில் பார்த்தால் படுக்கவைத்த நீர்த்துளி. 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம் என்பது பரவலான அளவு. ப்ளைவுட் பலகையும் 8-க்கு 4 தானே, சேதாரம் குறைவு! உள்ளே இருவர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. 1947-இல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் இதற்கு வரைபடமே வெளியிட்டது. இன்றும் பலர் சொந்தமாகச் செய்கிறார்கள்.

என்னைக் கேட்டால், செய்தவரின் கைத்திறனை அந்தப் பின்கதவில்தான் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் பெட்டி வேலை. கதவோ வளைந்தது, கனமில்லாதது, மழைக்கும் ஈடுகொடுக்க வேண்டியது.

பக்கச்சுவரின் வளைவைப் பார்த்தே விலாச் சட்டங்களை அறுத்து, குறுக்குக் கட்டைகளால் இணைத்து, மேலே மெல்லிய ப்ளைவுட்டை வளைத்து ஒட்டுவார்கள். இங்கேதான் மரம் குணத்தைக் காட்டும். வளைத்த பலகை நிமிரவே பார்க்கும். பசை காய்ந்து கிளாம்பைக் கழற்றியதும் வளைவு கொஞ்சம் விரிந்து, கீழ் விளிம்பு சுவரை விட்டு விலகி நிற்கும். விவரமானவர்கள் சட்டத்தின் வளைவை முன்கூட்டியே சற்றுக் கூட்டி அறுப்பார்கள். உட்புறமும் ஒரு பலகை ஒட்டிவிட்டால் கதவு இறுகிவிடும்.

மேலே கீல். கதவின் முழு அகலத்துக்கும் ஓடும் அலுமினியக் கீலில் ஒரு பட்டை இன்னொன்றின்மேல் கொக்கிபோட்டு உட்காரும். தண்ணீர் வெளியே வழிந்துவிடும். சுற்றிலும் ரப்பர் பீடிங். அதைத் தாண்டி வரும் நீருக்கு உள்ளே ஒரு வடிகால் பள்ளம் வைத்தவரை நான் மெச்சுவேன்.

தூக்கிப் பிடிக்க வாயு அடைத்த இரண்டு தண்டுகள், அதாவது கேஸ் ஸ்ட்ரட். 20 கிலோ கதவின் எடைமையம் கீலிலிருந்து 2 அடி தள்ளியிருந்து, ஸ்ட்ரட் 1 அடியில் தாங்கினால், இரண்டும் சேர்ந்து குறைந்தது 40 கிலோ விசை தர வேண்டும். சாய்வாகத் தள்ளுவதால் இன்னும் கூடுதல். அதற்காக எக்கச்சக்கமாகப் போட்டால், மூடிய கதவையே அது முதுகு வளைத்துவிடும். குளிரில் வாயுவின் அழுத்தம் குறைந்து, கோடையில் நின்ற கதவு பனிக்காலத்தில் தலையில் இறங்குவதும் உண்டு.

இப்படியொரு வண்டியை விலை பேசப் போகிறவர்கள், வார்னிஷ் பளபளப்பில் மயங்காமல், பின்கதவை மூடச் சொல்லி மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.