மொட்டை மாடியும் பௌர்ணமி நிலாவும்

(நமது சங்கத்தின் பௌர்ணமிக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

சாப்பாட்டு நேரம் நெருங்குவதால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

"சூப்பர் மூன்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் நம் பிள்ளைகள் மாடிக்கு ஓடுகிறார்கள். "எப்பவும் போலத்தானே இருக்கு?" என்று ஏமாந்து இறங்குகிறார்கள். செய்தியும் பொய்யில்லை, பிள்ளைகள் சொல்வதும் பொய்யில்லை.

நிலா பூமியைச் சுற்றும் பாதை சற்றே நீள்வட்டமானது. மிக அருகில் வரும்போது தூரம் சுமார் 3,57,000 கி.மீ.; மிகத் தொலைவில் சுமார் 4,06,000 கி.மீ. அதனால் அருகிலுள்ள பௌர்ணமி நிலா, தொலைவிலுள்ளதைவிட 14 சதவீதம் வரை அகலமாகத் தெரியும். 2011 வரிசை நாணயங்களில் இரண்டு ரூபாய் 25 மி.மீ., ஒரு ரூபாய் 22 மி.மீ. ஏறத்தாழ அதே வித்தியாசம்தான். அருகருகே வைத்தால் தெரியும். ஒன்றை இன்றும் மற்றதை ஏழு மாதம் கழித்தும் காட்டினால் யாருக்குத் தெரியும்?

உதிக்கும்போது நிலா பெரிதாகத் தெரிவது வேறு விஷயம். அது கண்ணின் மயக்கம். காகிதத்தைச் சுருட்டி அதன் வழியே பாருங்கள், மயக்கம் போய்விடும்.

"இந்த 14 சதவீதத்தால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்கலாம். 2019 டிசம்பர் 26 காலை நம் திண்டுக்கல்லில் கங்கண சூரிய கிரகணம். அன்று நிலா சற்றுத் தள்ளி இருந்ததால் சூரியனை முழுவதும் மறைக்க முடியவில்லை. ஓரத்தில் நெருப்பு வளையம் நின்றது. இன்னும் அருகில் இருந்திருந்தால் முழு கிரகணம்.

அந்த வளையத்தை நான் பார்க்கவில்லை. "மாடிக்குப் போலாமாடா?" என்று அம்மா கேட்டார். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று கதவைச் சாத்தி வைத்தேன். அம்மா இன்று இல்லை.

2031 மே 21 அன்று கங்கண கிரகணம் மீண்டும் தென் தமிழகத்தின் வழியாகப் போகிறது. அதற்குள் தரமான கிரகணக் கண்ணாடிகளைச் சங்கமே வாங்கி வைக்க வேண்டும். வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது.

அதுவரை ஒரு சிறு வேண்டுகோள். பௌர்ணமிதோறும் ஒரு மணி நேரம் மாடிக் கதவைத் திறந்து வையுங்கள். பிள்ளைகள் ஒரே போனில், ஒரே ஜூமில் நிலாவைப் படம் எடுக்கட்டும். ஒரு வருடப் படங்களை வரிசையாக வைத்தால், வாட்ஸ்அப் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களே அளந்து சொல்வார்கள்.