பேச்சுக்கு முன் கேள்வி

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



குழந்தை ஈராண்டு கடந்தும் பேசாதிருப்பின், "இவன் தகப்பனும் தாமதித்தே பேசினான்" என்று நாட்கடத்துவது நம் இல்லங்களில் வழக்கமாயிருக்கிறது. அதனால் விளையுங் கேட்டை எடுத்துரைக்கவே யாம் இன்று முன்வந்தோம்.

பேச்சு நாவில் தொடங்குவதன்று, செவியில் தொடங்குவது. 1971-இல் பீட்டர் ஐமாஸ் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தந் துணைவரும் ஒரு திங்களும் நான்கு திங்களும் நிரம்பிய சிசுக்களைச் சோதித்தனர். ரப்பர்க் காம்பைச் சப்புந்தோறும் ஓர் ஒலி கேட்குமாறு அமைத்தனர். ஒரே ஒலியைக் கேட்டுச் சலித்துத் தளர்ந்த சிசு, ஒலி மாறியதும் விரைந்து சப்பிற்று. 'பம்பரம்' என்னுஞ் சொல்லின் முதற் பகரத்திற்கும் அடுத்த பகரத்திற்கும் உள்ளது போன்ற வேற்றுமையைப் பச்சிளஞ் சிசு உணர்கின்றது!

1984-இல் வெர்க்கர், டீஸ் என்னும் கனடா நாட்டறிஞர் இருவர், ஆங்கிலம் பேசும் இல்லத்துச் சிசுக்கள் ஹிந்தியின் டகர தகர வேற்றுமையை எட்டுத் திங்கள்வரை நன்கறிந்து, ஓராண்டு நிரம்புமுன் அவ்வாற்றலைப் பெரிதும் இழத்தலைக் கண்டனர். கேளாத ஒலியை மனம் கைவிடுகின்றது. எவ்வொலியுமே கேளாத குழந்தையின் நிலை யாதாகும்?

இவ்வறிவு மருத்துவமனைக்கும் பயன்பட்டது. கேளாமை ஆறு திங்களுக்குள் அறியப்பட்ட குழந்தைகள், பின்னர் அறியப்பட்டோரினும் மொழியில் மேம்பட்டிருந்தமையை அமெரிக்காவின் கொலராடோ மாநில ஆய்வு 1998-இல் காட்டிற்று. ஆதலின், பிறந்த முதல் திங்களுக்குள் சோதனை, மூன்றாந் திங்களுக்குள் உறுதி, ஆறாந் திங்களுக்குள் சிகிச்சை என்பது மருத்துவர் விதி. உறங்குஞ் சிசுவின் காதில் சிறு முனையை வைத்து மெல்லொலி செலுத்தி, உட்செவியினின்று மீளும் ஒலியை அளப்பர். நோவு சிறிதுமில்லை.

கேளாமை உறுதியாயின் செவிக்கருவியுண்டு. தகுதியுடைய குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்த அரசின் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. சைகைமொழியும் நிறைவுடைய மொழியே. அதனையுங் காலத்தே கற்பித்தல் நன்று.

இன்னொன்று கூறுவோம், சினங்கொள்ளற்க. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கம் பிறவிக் கேளாமை மிகுதற்கு ஒரு காரணமாகும். அன்றியும், தமக்கைக்கு வரன் அமையாதென்றஞ்சிக் கேளாத பிள்ளையை மறைத்து வைப்பாரும் நம்முள் உளர். மறைத்த ஒவ்வொரு திங்களும் அப்பிள்ளையின் சொற்செல்வத்தைக் களவாடுகின்றது.

ஆகவே, பெயர் சூட்டும் நாளிலேயே "செவிச்சோதனை ஆயிற்றா?" என்று வினவுதலை நம் குலவழக்காக்குவோமாக! மழலைகள் வாழ்க!