டெங்குக் காய்ச்சலும் ஜில்லாவாரிக் கணக்கும்



டெங்குக் காய்ச்சலென்றால் எல்லோரும் கொசுவைப் பற்றித்தான் பேசுவார்கள். நாம் இன்று கணக்கைப் பற்றிப் பேசப் போகிறோம். கணக்கு என்றதும் சிலருக்குத் தூக்கம் வரும். ஆனாலும் சற்றுப் பொறுமையாய்க் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.

பக்கத்திலுள்ள இலங்கையை எடுத்துக்கொள்வோம். அங்கு 2009-ல் 35,000 பேருக்கு மேல் நோய் கண்டதாகவும், 346 பேர் மாண்டதாகவும் பதிவாயிற்று. 2017-லோ 1,86,000 பேருக்கு மேல் நோய் கண்டு, சுமார் 440 பேர் மாண்டார்கள். இதைக் கேட்டதும், "காலம் கெட்டுவிட்டது, எல்லாம் தலைவிதி" என்று ஒரு கூட்டம் புறப்படும். ஆனால் வகுத்துப் பார்ப்பவன் என்ன காண்கிறான்? முன்பு நோய் கண்ட நூறு பேரில் ஒருவர் மாண்டார். பின்பு நானூறு பேரில் ஒருவர் மாண்டார். விதி எட்டு வருஷத்தில் கால் பங்காய்ச் சுருங்குமா? வைத்தியர்கள் நோயாளியை மணிக்கு மணி கவனித்து நீர்ச்சத்து ஏற்றக் கற்றதும், லேசான காய்ச்சல்காரர்களும் பரிசோதனைக்கு வந்து கணக்கில் சேர்ந்ததுமே இதற்குப் பெரிய காரணங்களாகும்.

இனி ஜில்லாவாரியாய்ப் பாருங்கள். கொழும்புப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஜூன், ஜூலையில் நோய் உச்சத்துக்கு ஏறுகிறது. யாழ்ப்பாணத்திலோ வடகிழக்குப் பருவமழையை ஒட்டி டிசம்பர், ஜனவரியில் ஏறுகிறது. காய்ச்சலெல்லாம் அம்மன் கோபமென்பவர்களை நாம் கேட்கிறோம்: அந்த அம்மனுக்குக் கொழும்பில் ஆனியிலும் யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் கோபம் வருவானேன்? வானிலை இலாகாவைக் கேட்டுக்கொண்டுதான் கோபிக்கிறாளோ?

மழை பெய்த மறுநாளே நோய் வந்துவிடுவதில்லை. கொசு முட்டை வறண்ட தொட்டியின் சுவரில் மாதக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் பட்டதும் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகும். நோயாளியைக் கடித்த கொசுவின் உடலில் கிருமி பெருக இன்னும் 8 முதல் 12 நாள். அது கடித்த மனிதனுக்குக் காய்ச்சல் காண 4 முதல் 10 நாள். ஆகவே ஆஸ்பத்திரிக் கணக்கு ஏறுகிறபோது, காரியம் வாரக்கணக்கில் முன்பே நடந்து முடிந்திருக்கும். அதன்பிறகு தெருத்தெருவாய்ப் புகை மருந்து அடிப்பது, கண்ணுக்குக் காட்டும் வேடிக்கையாகவே பெரும்பாலும் முடிகிறது. பல வருஷக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தவனுக்கோ, கொழும்பில் மே மாதத்துக்கு முன்பும் யாழ்ப்பாணத்தில் அக்டோபருக்கு முன்பும் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டுமென்பது தெரியும்.

ஆனால் கணக்கிலும் ஏமாற்றமுண்டு. கொழும்பு ஜில்லாவில் இருபது லட்சத்துக்கு மேல் ஜனங்கள். முல்லைத்தீவில் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. இரண்டிலும் ஆயிரம் நோயாளிகள் என்றால் அது ஒன்றாகுமா? லட்சம் பேருக்கு எத்தனை என்று கேட்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் "மர்மக் காய்ச்சல்" என்றொரு வார்த்தை அடிபடுகிறது. பரிசோதிக்காத காய்ச்சலுக்குத்தான் இந்தப் பெயர். மர்மத்தில் செத்தவன் எந்தக் கணக்கிலும் ஏறமாட்டான். அவன் தெருவுக்கு அடுத்த வருஷமும் யாரும் வரமாட்டார்கள். இலங்கைச் சுகாதார இலாகா வாராவாரம் ஜில்லாவாரியாய்க் கணக்கை வெளியிடுகிறது. அதுபோல் நம் ஊர் வார்டுகளின் கணக்கையும் முனிசிபாலிட்டி வாசலில் வாராவாரம் எழுதிவைக்கும்படி, ஐப்பசி மழைக்கு முன்பே நாம் கேட்க வேண்டும். வரி கொடுப்பவர்கள் நாம்தானே!