தனித்து நிற்பவருக்குத் துணை
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொழில்வழிச் சிகிச்சை என்றவுடன் அது தொழில் பழக்கும் பள்ளிக்கூடம் என்று பலர் எண்ணுகின்றனர். அஃதன்று. நோயினாலோ விபத்தினாலோ யுத்தத்தினாலோ உடல் தளர்ந்தவர், தாமே உண்ணவும் உடுக்கவும் நீராடவும் உழைக்கவும் மீண்டும் பழகத் துணைசெய்யும் வைத்தியக் கலையே அது. பாரிசவாதத்தால் வலக்கை சோர்ந்த தாயார் இடக்கையால் தேங்காய் துருவுவது எங்ஙனம்? செயற்கைக் கால் பூண்ட கமக்காரர் சேற்று வயலில் இறங்குவது எங்ஙனம்? முல்லைத்தீவிலே கரைவலை இழுத்தவர் விரல்களை இழந்தபின் எவ்வாறு உழைத்துண்பது? இவையே அக்கலையின் வினாக்கள். 2009இல் யுத்தம் ஓய்ந்த நம் வன்னி மண்ணிலே இவ்வினாக்களுக்குக் குறைவில்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

வினாக்களோ பல, விடை காண வேண்டியவரோ பெரும்பாலும் தனியர். பெருநகரங்களுக்கு வெளியே கடமை புரியும் சிகிச்சையாளருக்கு அயலறையில் வைத்தியர் உண்டு, தாதியர் உண்டு. தம் கலையின் ஐயத்தைக் கேட்டுத் தெளியத் தம்மையொத்த ஒருவர் கிடைப்பது அரிது.

இத்தனிமை புதியதன்று. அமெரிக்காவில் பார்ட்டன் என்னும் கட்டடக் கலைஞரும் டண்டன் என்னும் வைத்தியரும் முதலில் கடித மூலமே கருத்துப் பரிமாறினர். பார்ட்டன் தாமே பக்கவாதத்தால் வருந்தியவர். அக்கடிதங்களின் பயனாக 1917 மார்ச்சில், நியூயோர்க் மாநிலத்துக் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் அறுவர் கூடி இத்தொழிலின் முதற் சங்கத்தை அமைத்தனர். 1950இல் கமலா நிம்ப்கார் அம்மையார் பம்பாயில் இதற்கொரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் உலகச் சம்மேளனம் உருவானபோது அதில் இந்தியாவும் இடம்பெற்றது.

அன்று கடிதம் செய்த வேலையை இன்று கைத்தொலைபேசி செய்கின்றது. பிரித்தானியச் சிகிச்சையாளர்கள் 2011 முதல் செவ்வாய்க்கிழமை மாலைகளில் டுவிட்டரில் ஒரு மணிநேரம் கூடித் தம் தொழிலைப் பற்றி உரையாடலாயினர். 2010 முதல் ஒக்டோபர் 27 உலகத் தொழில்வழிச் சிகிச்சைத் தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

நம்மவருக்கு இதனால் ஆவதென்ன? கிணற்றடியில் ஒற்றைக் கையால் நீர் அள்ளும் வழி ஆங்கிலப் பாடநூலில் இராது. ஆனால் மட்டக்களப்பில் ஒருவர் அதனைக் கண்டிருக்கலாம். கரண்டிப் பிடியிலே பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றித் தடிப்பாக்கினால் தளர்ந்த கைக்கும் அது வசப்படும் என்பதை யாழ்ப்பாணத்தில் ஒருவர் பழக்கியிருக்கலாம். வன்னியும் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் வேலூரும், கடல்கடந்த தமிழரும் ஒரு வட்ஸ்அப் குழுவில் கூடித் தமிழிலே கேட்டுத் தமிழிலே விடையிறுத்தால், ஒருவரின் அனுபவம் நூறு பேரின் கைம்மருந்தாகும். ஊர்கூடித் தேர் இழுப்பது என்பது இதுவே அன்றோ!

எனினும் தேருக்கு முட்டுக்கட்டையும் வேண்டும். மிஷன் பள்ளியில் நான் கேட்ட நல்ல சமாரியன் கதை நினைவுக்கு வருகின்றது. வழியிலே அடிபட்டுக் கிடந்தவனை அவன் சத்திரத்திற்குக் கொண்டுசென்று, சத்திரக்காரனிடம் ஒப்படைத்து, செலவுக்கும் பணம் கொடுத்தான். உதவி கைமாறியது. ஆனால் அடிபட்டவனின் பெயரை அக்கதை இன்றுவரை எவருக்கும் சொல்லவில்லை. சமூக வலைத்தளத்தில் பழகுவோர்க்கு இதைவிட நல்ல விதி வேறில்லை.

அறிவு பயணஞ் செய்யட்டும். நோயாளியின் முகம் பயணஞ் செய்ய வேண்டாம். கரண்டியைப் படம் பிடிக்கலாம். அதைப் பிடித்த பெண்ணைப் படம் பிடிப்பது ஏன்? பெயரை மறைத்தால் மட்டும் போதாது. நம் சிற்றூர்களில், ஒருவர் கால் இழந்த இடத்தையும் நாளையும் சொன்னாலே அவர் யாரென்பது புலனாகிவிடும். மறக்க விரும்பும் கதையை அவர் அனுமதியின்றி ஊரறியச் செய்வது சிகிச்சையாகாது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலை விசேட வகையாக வைத்துள்ளது. சட்டத்திற்கு முன்னரே மனச்சாட்சி அதனை அறிந்திருக்க வேண்டும்.

மற்றுமொன்று. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் நம் நாட்டில் முகநூலும் வட்ஸ்அப்பும் வைபரும் தடைசெய்யப்பட்டன. ஆகவே குழுவில் கிடைத்த நல்ல விடையைக் குறிப்பேட்டிலும் எழுதி வைத்தல் நலம்.

இறுதியாக நம் போன்ற சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சக்கர நாற்காலி வழங்குகின்றோம். பெறுபவரை நடுவில் இருத்திப் படமெடுத்து முகநூலில் இடுகின்றோம். பெறுபவர் தலைகுனிந்திருப்பதை எவரும் கவனிப்பதில்லை. அப்படத்தை விடுத்து, அந்நாற்காலி அவர் வீட்டு வாசற்படியைக் கடக்கின்றதா என்று ஒரு சிகிச்சையாளரைக் கேட்போம். கடக்கவில்லையெனின், சாய்தளம் அமைக்க நாம் மண்வெட்டியுடன் செல்வோம். அதுவே சிவனுக்கும் உவப்பான தொண்டு.