துள்ளுற குட்டியைக் கட்டிப்போட்டா அடங்குமா?

(மாங்கேணிக்கு வந்த தோட்டக் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



கடலுக்கும் களப்புக்கும் நடுவிலுள்ள இந்த மாங்கேணியில் நாய்க்குட்டி ஓடித்திரிய வெளியுண்டு. நம்ம லயத்தில் இல்லை. அங்கே செருப்பைக் கடித்தால் சங்கிலி, இல்லாட்டி அடி. நாலு முதல் ஆறு மாதத்தில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறு ஊறுவதால் கடிக்கிறது. குற்றமல்ல.

கொழுந்துக்குப் போகுமுன் கொஞ்சதூரம் நடத்திக் கூட்டிப்போங்க. கடிக்கக் கெட்டியான கயிற்று முடிச்சொன்று கொடுங்க. மேலே பாய்ந்தால் முகம் திருப்பி நில்லுங்க. நாலு காலும் தரையில் பட்டதும் தடவிக்கொடுங்க. வீட்டில் எல்லோரும் இப்படியே செய்யணும்.

எந்நேரமும் கட்டிக்கிடக்கும் நாய் பிள்ளைகள் மேலே பாயும். விசர்நாய்த் தடுப்பூசியை மறக்க வேண்டாம். கடித்துவிட்டால் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம்.