நொடிக்குள் பல படங்கள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கையடக்கக் காமிராவில் தொடர்ப்படம் எடுத்தல் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். இன்று மேடையேறும் தம் குழந்தைகளின் ஆட்டத்தைப் படம்பிடித்து, ஊரிலுள்ள பாட்டன் பாட்டியர்க்கு அனுப்ப எண்ணும் பெற்றோர் பலர் இங்கே அமர்ந்துள்ளீர்கள். வர இயலாத அம் முதியோர்க்கு அப்படமே விழா. ஆதலின் இதனைச் சிறு பொருளென்று தள்ளுதற்கில்லை.

பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு படம் என்பது பொது வழக்கு. அழுத்திய விரலை எடுக்கும்வரை படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாவதே தொடர்ப்பட முறை. இதன் வித்து மிகப் பழையது. 1878 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், மைபிரிட்ஜ் என்பார் 12 காமிராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். அதன் நான்கு கால்களும் ஒருசேர நிலத்தை விட்டு எழும் கணம் ஒன்றுண்டு என்பதை அப்படங்கள் மெய்ப்பித்தன. அன்று பன்னிரண்டு கருவிகள் ஆற்றிய பணியை இன்று சட்டைப்பையில் அடங்கும் ஒன்றே ஆற்றுகிறது. 2012 இல் வெளிவந்த சோனி ஆர்.எக்ஸ்.100 என்னும் சிறு காமிரா, நொடிக்கு 10 படங்கள் வரை எடுக்க வல்லது.

எனினும், எண்ணிக்கை பெருகினால் நல்ல படம் தானே வந்துவிடும் என்று கருதுதல் பொருந்தாது. மூன்று செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டுகிறேன்.

முதலாவது, தொடர்ப்படத்தின் வேகம் வேறு; ஷட்டரின் வேகம் வேறு. ஷட்டர் ஒரு நொடியில் 30 இல் ஒரு பங்கு நேரம் திறந்திருப்பின், பத்துப் படங்களிலும் ஆடும் கை மங்கியே தெரியும். 250 இல் ஒரு பங்கோ அதனினும் குறைந்த நேரமோ அமைத்தல் நலம். ஒளி போதாதாயின் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துக. பிளாஷ் விளக்கு இத்துணை விரைவில் மீண்டும் மின்னேற்றம் பெறாது. அதனை நம்ப வேண்டா.

இரண்டாவது, சிறு காமிராக்கள் பலவற்றில், அதிவிரைவு முறையில் முதற்படத்திற்கு அமைந்த போகஸும் ஒளியளவுமே இறுதிவரை நிற்கும். குழந்தை முன்னோக்கி ஓடிவந்தால் பின்வரும் படங்கள் தெளிவிழக்கும். அன்றியும், காமிராவின் உள்நினைவகம் நிரம்பியவுடன் வேகம் தளரும். தொடக்கத்திலேயே விரலை அழுத்திவிட்டால், இறுதியில் வரும் அழகிய நிலை தப்பிப்போகும். ஆகவே பொத்தானைப் பாதி அழுத்தியவாறு தாளத்தைக் கேட்டுக் காத்திருங்கள். தீர்மானம் முடியும் தறுவாயில் முழுதும் அழுத்துங்கள்.

மூன்றாவது, தேர்தல். எடுத்த இருபதையும் ஊருக்கு அனுப்புதல் பாட்டியின் கண்ணுக்கு இட்ட பெருஞ்சுமை. அன்றிரவே அமர்ந்து ஒன்றிரண்டைத் தேர்ந்து, எஞ்சியவற்றை நீக்கிவிடுக. அடவு பிசகாத படம் ஆசிரியர்க்கு உவப்பளிக்கும். அதற்கு அடுத்த படத்தில், ஆட்டம் முடிந்த களிப்பில் குழந்தை தன்னை மறந்து சிரித்திருக்கக் கூடும். பாட்டிக்கு அதனை அனுப்புங்கள்.

ஒரு நிலைக்கு ஒரு தொடர் போதும். பின்னர்க் காமிராவைத் தாழ்த்துங்கள். மேடையில் நிற்கும் குழந்தையின் கண்கள் கூட்டத்தில் தேடுவது தாய் தந்தையரின் முகத்தை. அம்முகம் அதற்குத் தெரியட்டும்.